நாடாளுமன்றம்: சொல்லும் பொருளும்

பார்லிமென்ட் என்ற சொல்லின் வேர் பேச்சு. பிரெஞ்சில் ‘பார்லே’ என்றால் பேசுவது. அதிலிருந்து பிறந்த ‘பார்லமான்’ முதலில் உரையாடலைக் குறித்தது, பிறகு கூடிப் பேசும் கூட்டத்தையே குறித்தது. இன்னும் தோண்டினால் லத்தீனின் ‘பராபோலா’ வரும். லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, அதாவது உவமை என்று பொருள். உவமை சொல்வது நாளடைவில் வெறுமனே சொல்வதாகி, பேசுவதாகிவிட்டது. கணிதப் பாடத்தில் வரும் பரவளையத்தின் ஆங்கிலப் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான்.

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களையும் மதகுருமார்களையும் கூட்டி அரசர் ஆலோசித்த கூட்டங்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1265இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபு கூட்டிய பார்லிமென்டில் நகரங்களின் பிரதிநிதிகளும் வந்து உட்கார்ந்தார்கள். அரசருக்குப் பணம் வேண்டும். பணம் தருபவர்களுக்குத் தங்கள் குறையைச் சொல்ல இடம் வேண்டும். பல நூற்றாண்டுகள் நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் அந்த அவைக்கு வலிமை வந்தது. 1689இன் உரிமைச் சாசனம் இரண்டையும் எழுத்தில் கொண்டுவந்தது: அவையின் ஒப்புதல் இல்லாமல் அரசர் வரி வாங்கக் கூடாது, அவையில் பேசிய பேச்சுக்காக ஒருவரை வெளியே எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கக் கூடாது.

பிரான்ஸில் அதே சொல் வேறு திசையில் போனது. அங்கே பாரிஸ் பார்லமான் என்பது உயர் நீதிமன்றம். பிரெஞ்சுப் புரட்சி வந்து கலைக்கும்வரை அது முதன்மையாக வழக்குகளைத்தான் விசாரித்தது. பேசும் இடம் என்ற பொருள் வழக்காடும் இடத்துக்கும் பொருந்தியதில் வியப்பில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பாராளுமன்றம் என்பதைப் பிரித்தால் பார், ஆளும், மன்றம். பார் என்றால் உலகம். பார்லிமென்ட் என்ற ஒலிக்குப் பக்கத்திலேயே நின்று, தமிழ்ப் பொருளும் தரும்படி அமைந்த சொல் இது. கேட்டவுடன் மனத்தில் பதிந்துவிடும். இலங்கையில் இன்றும் இதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். ஆனால் ஒரு நாட்டின் அவை அந்த நாட்டுக்குத்தான் சட்டம் செய்கிறது, உலகத்துக்கு இல்லை. அதனால் பார் போய் நாடு வந்தது, நாடாளுமன்றம் ஆயிற்று. தமிழ்நாட்டில் இன்று இதுவே நிலைத்த வழக்கு. பொருளைப் பார்த்தால் இதுதான் சரியான சொல். அதற்காகப் பாராளுமன்றம் என்று எழுதுபவரைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு நாடு தன் அரசியலமைப்பிலேயே வைத்திருக்கும் பெயர் அது.

இந்தச் சொல்லில் நான் மிகவும் மதிப்பது கடைசிப் பகுதியை, மன்றத்தை. பழந்தமிழில் மன்றம் என்பது ஊர் நடுவே, மரத்தடியில், எல்லோருக்கும் பொதுவான வெளி. அங்கேதான் ஊர் கூடியது, வழக்குத் தீர்த்தது. ‘மன்றாடுதல்’ என்று இன்று கெஞ்சுவதைச் சொல்கிறோமே, அதன் முதல் பொருள் மன்றில் நின்று வழக்கை எடுத்துரைப்பது. பார்லமானைப் போலவே மன்றமும் நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பொதுவாக நிற்கிறது. நாடு என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்; அந்த வட்டாரத்தார் கூடிய அவைக்கும் அதே பெயர்தான். கூடி முடிவெடுத்தவர்கள் தங்களை ‘நாட்டோம்’ என்று பொறித்துக்கொண்டார்கள்.

சிக்கல் நடுவில் இருக்கும் ‘ஆளும்’ என்பதில்தான். அதைக் கேட்பவர்கள், நாட்டை ஆள்வது நாடாளுமன்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அன்றாட ஆட்சியை நடத்துவது அமைச்சரவையும் அதன் கீழ் இயங்கும் நிர்வாகமும். நாடாளுமன்றத்தின் வேலை சட்டம் இயற்றுவது, வரிக்கும் செலவுக்கும் ஒப்புதல் தருவது, அப்புறம் ஆள்பவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது. மூன்றாவதை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. சட்டத்தின் வாசகத்தை அதிகாரிகள்கூட எழுதிவிடலாம். ஏன் இந்தச் சட்டம், இந்தப் பணம் எங்கே போயிற்று என்று மக்கள் சார்பில், பதிவேட்டில் ஏறும்படி, அமைச்சரின் முகத்துக்கு நேரே கேட்க வேறு இடம் கிடையாது. கேள்வி நேரமே நடக்காமல் கூச்சலில் கரைந்துபோகும் நாளில், அந்த அவை தன் பெயரின் வேரையே இழக்கிறது.

அமைச்சரவை இந்த அவையின் நம்பிக்கையில்தான் நிற்கிறது. இந்திய அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில், 269க்கு 270 என்று தோற்று விழுந்தது. அவை ஆளவில்லை, யார் ஆளலாம் என்று தீர்மானித்தது.

அமெரிக்காவில் இப்படி நடக்காது. அங்கே அதிபர் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார். சட்ட முன்வரைவு ஒன்று தோற்றதற்காகப் பதவி இழக்க மாட்டார். அங்கே சட்டம் இயற்றும் அவையின் பெயரும் வேறு, காங்கிரஸ். ஒன்றுகூடுவது என்று பொருள். ரஷ்யாவின் டூமா சிந்திப்பது என்ற வினையிலிருந்து வந்தது. 930இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஐஸ்லாந்தின் ஆல்திங்கி, எல்லோருக்குமான கூட்டம். இவற்றில் ஆளுதல் என்ற பொருள் எதிலும் இல்லை.

எல்லா நாட்டு அவைகளையும் பொதுவாகக் குறிக்க ‘சட்டமியற்றும் அவை’ என்பது தெளிவானது. சட்டமன்றம் என்று எழுதலாம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது மாநில அவைக்கே உரியதாகிவிட்டதால் படிப்பவர் குழம்புவார். இந்திய நாடாளுமன்றத்தை மக்களவை என்று மட்டும் எழுதுவதும் தவறு. அரசியலமைப்பின் 79ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். இலங்கையில் ஒரே அவை, 225 உறுப்பினர்கள். அங்கே மக்களவை என்று எழுதினால் இல்லாத ஓர் அவையைச் சொன்னதாகிவிடும்.