டன்னுக்கு எத்தனை லிட்டர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழக்குலை ஏற்றும் லோரிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வரும் லோரி முதலாளிகள் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். சரக்கு வண்டிக்கு அந்தக் கணக்குப் போதாது.

குலையை எண்ணெயாக்கும் ஆலை 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வையுங்கள். 10 டன் குலையோடு போக 12 லிட்டர், காலி வண்டியாகத் திரும்ப 8 லிட்டர். ஆக, டன்னுக்கு 2 லிட்டர். அதே லோரி 5 டன்னோடு போனால் போகும்போது 10 லிட்டர் குடிக்கும், திரும்பும்போது அதே 8. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடியது 3.3 ஆகிவிடும், முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் டன்னுக்கு 3.6 லிட்டர் செலவாகியிருக்கிறது!

அதற்காக அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றவே கூடாது. நமக்கு உயிர் முக்கியம். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்ற அவசரத்தில்தான் அரை லோடு கிளம்புகிறது. பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி இரண்டு அரை லோடுகளை ஒன்றாக்குங்கள். திரும்பும்போது, பழம் உதிர்த்த வெறுங்குலையை ஏற்றி வந்தால் மரத்தடியில் உரமாகப் போடலாம்.

இன்ஜின்கள் நிறைய முன்னேறிவிட்டன. ஆனாலும் நல்ல டீசல் இன்ஜினிலேயே எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. ஆலையில் லோரியை நிறுத்தி எடைபோடும் எடைப்பாலத்து வரிசையில் ஏர்கோனுக்காக இன்ஜினை ஓடவிட்டால் அந்த 40-ம் வீண்தான். கனரக லோரி சும்மா நின்றே மணிக்கு ஏறத்தாழ 2, 3 லிட்டர் எரிக்கும்.

டயரில் காற்றுக் குறைந்தாலும் டீசல் கூடுதலாகச் செலவாகும். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பின்னால் உள்ள இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரின் வால்வு கைக்கு எட்டாது, செம்மண் வேறு அப்பியிருக்கும். அதனால் அதை யாரும் தொடுவதே இல்லை. நான் பார்க்கும் லோரிகளில் பெரும்பாலும் காற்றுக் குறைந்திருப்பது அந்த டயரில்தான். காலையில் வண்டி கிளம்புமுன், டயர் சூடேறாதபோது அளவுமானி வைத்துப் பாருங்கள்.

ஆள் போகும் வண்டிக்கும் இதே கணக்குத்தான். இன்ஜின் மிச்சம் பிடிப்பதைக் காரின் பெரிய உடம்பு தின்றுவிடுகிறது. கோலாலம்பூருக்குத் தனி ஆளாகக் காரில் போவதைவிட, நம் ஊர் ஸ்டேஷனிலேயே நிற்கும் இடிஎஸ் மின்ரயிலில் ஆளுக்கு ஆகும் ஆற்றல் மிகக் குறைவு.

2024 ஜூன் 10-ல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அரசின் டீசல் மானிய அட்டை உள்ள லோரிகளுக்குப் பழைய விலையே கிடைத்ததால் பலர் கணக்குப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். ஆலை தரும் எடைச் சீட்டையும் டீசல் ரசீதையும் ஒரே நோட்டில், ஒரே வரியில் எழுதிவாருங்கள். எந்த லோரி தின்கிறது, எந்தப் பயணம் தேவையில்லை என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பட்டறைக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.