காலையில் நடந்தவர் மதியம் நடிக்கவில்லை

"காலையில் நல்லாத்தான் நடந்தார் டாக்டர். மதியம் எழுந்திருக்க மாட்டேங்கிறார். வேணும்னே பண்றார்." பார்க்கின்சன் நோயாளியோடு வருபவர்கள் இதைச் சொல்லாத வாரமே இல்லை. நோயாளியும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முகத்தில் அசைவு இருக்காது. முகத்தசையும் விறைக்கும் நோய் இது. அதற்கும் "எதையும் கண்டுக்கறதே இல்லை" என்று ஒரு குறை.

அவர் நடிக்கவில்லை. இந்நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆரம்ப ஆண்டுகளில் மூளை அதைச் சேமித்துவைத்துச் சமாளிக்கும். அந்தத் திறன் குறையக் குறைய, மருந்து இருக்கும்வரை நடை, தீர்ந்ததும் விறைப்பு என்றாகும். ஒரே நாளில் பலமுறைகூட மாறலாம். படிக்கட்டில் ஏறிவிடுபவர் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் இந்நோயில் உண்டு. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவசரப்படுத்தினால் பதற்றம் கூடும், கால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து திட்டாதீர்கள்.

"மருந்து கேட்கலை" என்பவர்களிடம் முதலில் நேரத்தைத்தான் கேட்பேன். 8 மணி மாத்திரையை 9.30க்குக் கொடுத்தால் அந்த இடைவெளி முழுக்க அவர் விறைத்துக் கிடப்பார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். புரதம் மிகுந்த உணவு லெவோடோபாவை உள்ளே விடாமல் போட்டி போடும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள், குடல் மந்தமானால் மருந்தும் தாமதமாகும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, மனக்குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் இரண்டுமே நோயை மோசமாக்கும். வேறு எந்த டாக்டரைப் பார்த்தாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முகம் குப்புற விழுவார். நிற்கவிடுங்கள். உடல் எடையை இடம், வலமாக மாற்றச் சொல்லி, எண்ணிக்கொண்டே பெரிய அடி எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி நின்றுவிடும் இடத்தில், ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகத் தரையில் வண்ணநாடா ஒட்டினால் அதைத் தாண்டக் கால் எழும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்.

அடுத்த முறை வருமுன் மூன்று நாள், அரை மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள்: நடந்தாரா, விறைத்தாரா, கை கால் தானாக ஆடியதா, மாத்திரையும் சாப்பாடும் எத்தனை மணிக்கு. தூக்கம், மனச்சோர்வு, சிறுநீர்த் தொல்லை பற்றி அவரே சொல்ல மாட்டார். நீங்கள் மெதுவாகக் கேட்டு, அதையும் எழுதுங்கள்.