ஃபார்மசி: கடையா, தொழிலா, படிப்பா?

ஃபார்மசி (பெயர்ச்சொல்). 1. மருந்து விற்கும் கடை. 2. மருந்தைச் செய்து, சரிபார்த்து, நோயாளிக்குக் கொடுக்கும் தொழில். 3. அத்தொழிலுக்கான பல்கலைக்கழகப் படிப்பு.

முதல் பொருளுக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. குமரி மாவட்டத்து எல்லையூரான களியக்காவிளையில் யாரும் 'ஃபார்மசிக்குப் போகிறேன்' என்று சொல்வதுமில்லை. 'மெடிக்கல்ல போயி மாத்திரை வாங்கிட்டு வா' என்பதுதான் பேச்சு. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் கடை 'மெடிக்கல் ஸ்டோர்' ஆகிறது, மாத்திரை 'குளிக' ஆகிறது, மருந்துச் சீட்டு 'குறிப்படி' ஆகிறது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை வேர் என்று உலர்ந்த சரக்கு வேண்டுமென்றால் அங்கே கேட்க வேண்டியது 'அங்ஙாடிக்கட'. நாம் நாட்டு மருந்துக்கடை என்பது அது. நாளங்காடி, அல்லங்காடி என்று பகற்சந்தைக்கும் இரவுச்சந்தைக்கும் சங்கத் தமிழ் வைத்திருந்த சொல், மலையாளப் பக்கம் மருந்துச் சரக்குக் கடைக்குப் பெயராக ஒடுங்கி நிற்கிறது. நம் பக்கமோ அது பேச்சிலிருந்து நழுவி, நியாயவிலை அங்காடிப் பலகையில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மாத்திரை என்பதையும் கவனியுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று இலக்கணத்தில் வரும் அதே மாத்திரைதான். அளவு என்பதே அதன் முதல் அர்த்தம். ஒருவேளைக்கு உரிய அளவு என்ற பொருளில் மருந்துக்கு வந்தது. குளிகை என்பது உருண்டை, வடிவத்தைச் சொல்லும் பெயர். ஆக ஒரே பொருளுக்கு எல்லையின் ஒரு பக்கம் அளவால் பெயர், மறுபக்கம் உருவத்தால் பெயர். ஆந்திர எல்லையில் இரண்டுமே காதில் விழும்: தெலுங்கில் 'மாத்ர' உண்டு, 'பில்ல'யும் உண்டு. மருந்து அங்கே 'மந்து', மலையாளத்தில் 'மருன்னு'.

ஃபார்மசி என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஃபார்மக்கான்' என்றால் மருந்து, நஞ்சு, வசியப் பொருள், மூன்றும். அதிலிருந்து 'ஃபார்மக்கேயா'. லத்தீனும் பழைய பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்துக்கு ஃபார்மசியாக வந்தது. நஞ்சுக்கும் மருந்துக்கும் ஒரே சொல்லா என்று வியக்க வேண்டியதில்லை. தமிழில் 'அவனுக்கு மருந்து வச்சிட்டாங்க' என்றால் யாரும் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடுமருந்து, மருந்தீடு, வெடிமருந்து, எலிமருந்து என்று நம் மருந்தும் கிரேக்கச் சொல் போனதில் பாதித் தூரம் தானாகவே போயிருக்கிறது.

இரண்டாவது பொருளான தொழிலுக்கு நம்மிடம் பழைய சான்று உண்டு. 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று / அப்பால்நாற் கூற்றே மருந்து' என்பது 950ஆம் குறள். நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நால்வகை. உழைச்செல்வான் என்றால் அருகிருந்து உதவுபவர் என்று கொண்டு, இன்றைய செவிலியரை அந்த இடத்தில் வைப்பதே வழக்கம். பரிமேலழகரோ மருந்தைப் பிழையாமல் இயற்றுவான் என்று உரை எழுதினார். பிழையாமல் இயற்றுதல்: மருந்துத் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நாங்கள் பார்த்ததில்லை.

அந்த இயற்றுதல் எப்படி இருக்கும் என்பதற்கு மிக்சர் எனப்படும் கலவை நீர்மருந்து ஓர் எடுத்துக்காட்டு. கம்பவுண்டர் என்ற பெயரே கலந்து சேர்ப்பவர் என்ற பொருளில் வந்ததுதான். 90 மில்லி மிக்சர், ஆறு வேளைக்கு, வேளைக்கு 15 மில்லி என்று சீட்டு வந்தால் முதலில் உப்புகளை நிறுத்துக் கல்வத்தில் பொடிக்க வேண்டும். மொத்தத் தண்ணீரில் முக்கால் பங்கை மட்டும் விட்டுக் கரைக்க வேண்டும். சோடா உப்பு இருந்தால் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீரில் அது சிதைந்து, காரம் கூடிய சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். தூசு தெரிந்தால் பஞ்சில் வடிகட்டி, அதற்குப் பிறகே 90க்கு நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பிவிட்டு வடிகட்டினால் பஞ்சு குடித்த அளவு நோயாளிக்குக் குறையும். அளவுக் குவளையைக் கண் மட்டத்தில் பிடித்து, நீர்மட்டத்தின் அடிவளைவைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது வேளைக் காகிதம். ஒரு காகிதத் துண்டை ஆறாக மடித்து, மடிப்புதோறும் ஓரத்தை வெட்டிப் பிரித்தால் பல் பல்லாக வரும். அதைக் குப்பியில் பெயர்ச்சீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒட்டுவார்கள். மருந்து மட்டம் ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை முடிந்தது. காகிதத்தின் நீளம் மருந்து நிற்கும் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், குப்பியின் கழுத்துவரை போகக்கூடாது. கழுத்து குறுகல் என்பதால் அங்கே விழும் ஒரு பல்லில் 15 மில்லி கொள்ளாது.

இனிப்புப் பாகும் இதே கணக்குத்தான். இந்திய மருந்துநூல் (பார்மகோபியா) அளவில் 667 கிராம் சர்க்கரையோடு தூய நீர் சேர்த்து மொத்த எடை 1000 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். சர்க்கரை குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். கூடினால் குளிர்ந்த பிறகு அடியில் கற்கண்டு கட்டும். சித்த மருத்துவத்தில் இதற்கு மணப்பாகு என்று அழகான சொல் இருக்க, குப்பிச் சீட்டில் 'சிரப்' என்றே எழுதுகிறோம்.

இன்றைய கடையில் இந்தக் கைவேலையில் மிச்சமிருப்பது குழந்தைகளுக்கான பொடிக் குப்பி ஒன்றுதான். கொதித்து ஆறிய நீரைக் கோடுவரை ஊற்றிக் கலக்குவது. முதலில் குப்பியைத் தட்டி, அடியில் இறுகிய பொடியை உதிர்க்க வேண்டும். பாதி நீர் விட்டுக் குலுக்கி, மீதியைப் பிறகு விட வேண்டும். நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும், அப்போது மறுபடி நிரப்பியாக வேண்டும். இங்கே விட்டுவிட்டால் மருந்து செறிவாகி, ஒவ்வொரு 5 மில்லியிலும் குழந்தைக்கு அளவு கூடும்.

மூன்றாவது பொருளில்தான் தமிழ் தடுமாறுகிறது. காரணம் அந்தப் படிப்பு பிறந்த விதம். 1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, கலப்பட மருந்தையும் பயிற்சியில்லாக் கைகளையும் கட்டுப்படுத்த நாடு முழுமைக்கும் சட்டம் வேண்டும் என்றது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் முயற்சியால் மருந்து வேதியியல் ஒரு பாடமாக நுழைந்தது. 1937இல் அது தனிப் பட்டமாயிற்று. அதாவது இந்தப் படிப்பு வேதியியலின் வீட்டில் பிறந்து, பிறகு தனிக்குடித்தனம் போனது. ஷ்ராஃப் பிறந்த மார்ச் 6ஐ மருந்துக் கல்லூரிகள் இன்றும் கொண்டாடுகின்றன. தெலுங்கு நாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகம் 1951இல் விசாகப்பட்டினத்து வால்டேரில் மருந்துத் துறையைத் தொடங்கியது. இதற்கிடையே 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் ஃபார்மசி சட்டமும் வந்தன. பதிவு பெற்றவர் தவிர வேறெவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கக்கூடாது என்பது பின்னதன் 42ஆம் பிரிவு. கம்பவுண்டர் போய் ஃபார்மசிஸ்ட் வந்தது இந்த வழியில். ஊர் வாய் மட்டும் கம்பவுண்டரை லேசில் விடவில்லை.

இன்று பட்டயப் படிப்பு இரண்டாண்டு, அதன் பிறகு 500 மணிநேரப் பயிற்சி. பட்டம் நான்காண்டு. 2008இல் வந்த ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) ஆறாண்டு, அதில் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில். இத்தனையையும் எந்தச் சொல்லில் அடைப்பது?

'மருந்தியல்' என்று எழுதுவோர் அதிகம். அது தவறான இடத்தில் உட்காரும் சொல். மருந்து உடலில் என்ன செய்கிறது என்று ஆராயும் ஃபார்மகாலஜிக்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் இருப்பவர்கள் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு அதைக் கற்பிக்கும் மருத்துவர்கள். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஃபார்மசி கல்லூரியும் இருக்கிறது. இரண்டுக்கும் 'மருந்தியல்' என்றே தமிழில் எழுதினால் குமரியிலிருந்து விண்ணப்பம் போடும் மாணவர் எந்த வாசலில் நிற்பார்? 'மருந்தாக்கவியல்' செய்முறைப் பிரிவுக்குப் பொருந்தும். ஆனால் வார்டில் நோயாளியின் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் ஃபார்ம்.டி மாணவர் எதையும் ஆக்குவதில்லை.

ஆளுக்கு 'மருந்தாளுநர்' என்ற பெயர் அரசு வேலை அறிவிப்புகளில் வேரூன்றிவிட்டது. மருந்தை ஆள்பவர்: செய்வது, வைப்பது, கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அதே வேரிலிருந்து படிப்புக்கு 'மருந்தாளுமை' என்று எடுத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. மருந்தாளுமைக் கல்லூரி, மருந்தாளுமைச் சட்டம் என்று தொடரும்போதும் நெருடவில்லை.

கடைக்கு 'மருந்தகம்' நல்ல சொல், ஒரே ஓர் எச்சரிக்கையோடு. டிஸ்பென்சரிக்கும் அரசு அதையே வைத்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவர் இருப்பார். கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கு ஊசியும் போடுவார்கள். எனவே மொழிபெயர்க்கும்போது அங்கே மருத்துவர் உண்டா என்று பார்த்துவிட்டு, வெறும் விற்பனை என்றால் 'மருந்துக்கடை' என்றே எழுதுங்கள். களியக்காவிளையிலும் புரியும், பாறசாலையிலும் புரியும்.