டார்பிடோ மின்னணு உதிரிகள்: ஸ்ரீஜன் தளம் வழியாகச் சிறு நிறுவனங்கள் நுழைவது எப்படி?

ஐ.என்.எஸ். ஷிஷுமார் நீர்மூழ்கி கடற்படையில் சேர்ந்தது 1986-இல். அந்த வகைக் கப்பல்கள் சுமப்பது ஜெர்மனியில் வடிவமைத்த எஸ்.யு.டி. டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்). சிந்துகோஷ் வகையில் இருப்பவை ரஷ்ய டார்பிடோக்கள். கப்பல் பல பத்தாண்டுகள் ஓடும். டார்பிடோவுக்குள் இருக்கும் ஐ.சி.யும் (மின்னணுச் சிப்) கனெக்டரும் (இணைப்பான்) அத்தனை காலம் சந்தையில் கிடைப்பதில்லை. கையளவு மின்னணுச் சுற்றுப் பலகை (கார்டு) ஒன்று கிடைக்காவிட்டால் முழு ஆயுதமும் கிடங்கில் முடங்கும்.

இப்படி இறக்குமதியாகும் பொருட்களை உள்நாட்டிலேயே செய்ய வைப்பதற்காகப் பாதுகாப்பு உற்பத்தித் துறை 2020 ஆகஸ்டில் தொடங்கியதுதான் ஸ்ரீஜன் தளம். பாதுகாப்புப் பொதுத்துறை நிறுவனங்களும் முப்படைகளும் தங்கள் தேவையை அதில் பட்டியலிடுகின்றன. டார்பிடோ என்றால் முதலில் பார்க்க வேண்டியது பாரத் டைனமிக்ஸ். வருணாஸ்திரா டார்பிடோவைச் செய்யும் நிறுவனம் அது.

தேடும்போது ‘டார்பிடோ’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். பொருட்களுக்கு எண் கொடுத்துப் பிரிக்கும் நேட்டோ வகைப்பாட்டில் வெடிமருந்தில்லாத டார்பிடோ பாகங்கள் 1355-இல் வரும். ஆனால் மின்னணுக் கார்டுகள் 5998-லும், கனெக்டர்கள் 5935-லும், ஐ.சி.க்கள் 5962-லும் ஒளிந்திருக்கலாம். வெடிமருந்துள்ள பாகங்களுக்கான 1356 வேறு உலகம்; உரிமம் இல்லாமல் அதைத் தொட முடியாது.

பொருளைக் கண்டதும் விருப்பம் தெரிவிக்கலாம். அது ஆர்டர் அல்ல. பொறுப்பு அதிகாரியுடன் பேசி, மாதிரியைப் பார்த்து, வரைபடம் கிடைக்குமா, ஆண்டுக்கு எத்தனை தேவை என்று கேட்ட பிறகே டெண்டர் கட்டம் வரும். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே இடம் காலி என்றும் நினைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த முதல் உள்நாட்டுமயப் பட்டியலில் 2,851 பொருட்கள் இருந்தன. அவற்றில் 2,500 ஏற்கெனவே உள்நாட்டில் செய்யப்பட்டவை.

பலரும் சறுக்குவது விலையில். தேவை இருபது கார்டாக இருக்கும், ஐ.சி. விற்பவர் முழு ரீல்தான் தருவேன் என்பார். வடிவமைப்புச் செலவையும் சோதனைச் செலவையும் தனி வரியாகக் காட்டாமல் கார்டு விலைக்குள் திணித்தால், ஒன்று டெண்டர் போகும், அல்லது கைக்காசு போகும். ஜே.எஸ்.எஸ். 55555 என்ற முப்படைத் தரநிலையின் சுற்றுச்சூழல் சோதனையும் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனையும் கேட்டிருந்தால், ஆய்வகக் கட்டணத்தை விசாரித்துவிட்டே விலை போடுங்கள்.

அடுத்த தவறு, கிடைக்காத ஐ.சி.க்குப் பதில் ‘அதே மாதிரி’ ஒன்றைக் கேட்காமல் போடுவது. எழுத்தில் ஒப்புதல் இல்லாத மாற்றம் ஆய்வில் நிராகரிக்கப்படும். அங்கீகாரமில்லாத வியாபாரியிடம் வாங்கினால் பழைய சிப்பைச் சுரண்டி மறுபெயர் அச்சிட்டது வந்து சேரும். உற்பத்தியாளர் சான்று இல்லாமல் ஒரு டயோடுகூட வாங்காதீர்கள். ஈயமில்லாச் சாலிடரும் இங்கே ஆபத்து: தூய வெள்ளீயப் பூச்சில் காலப்போக்கில் மெல்லிய இழைகள் வளர்ந்து ஷார்ட் ஆக்கும். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் காத்திருக்கும் ஆயுதத்துக்கு அது பொருந்தாது.

சலுகைகள் குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டு அரசுக் கொள்முதல் கொள்கையில் உள்ளன. உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு டெண்டர் கட்டணமும் (டெண்டரோடு கட்டும்) முன்வைப்புத் தொகையும் இல்லை. ஆர்டர் கிடைத்தபின் கட்டும் செயல்பாட்டு உறுதித்தொகைக்கு இந்த விலக்கு கிடையாது. அதற்கான வங்கி உத்தரவாதத்தை முன்பே பேசி வையுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் இந்தப் பிரிவில் இல்லாதபோது, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கி குறைந்தது 25 சதவீத அளவு வழங்க வாய்ப்புண்டு. உத்யம் சான்றிதழில் ‘வணிகம்’ என்றிருந்தால் இவை எதுவும் கிடைக்காது. நடுத்தர நிறுவனங்களுக்கும் இல்லை.

பணம் 45 நாளுக்குள் வர வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டு முறையில். பொருள் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்தால், அது தீரும் நாளிலிருந்துதான் கணக்கு. ஆகவே பெட்டியை ஒப்படைத்த அன்றே தேதியும் முத்திரையும் உள்ள ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள். தாமதப் பணத்துக்காகப் புகார் போடும்போது முதலில் தேவைப்படும் தாள் அதுதான்.