நோயில்லாதவருக்கு எதற்கு மாத்திரை?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன்பால் ஈர்ப்புடையவர். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை போடலாம் என்று சொன்னதும் அவர் கேட்டார்: "எனக்குத்தான் நோயே இல்லைங்களே, மாத்திரை எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். பிரெப் என்கிற இந்த மாத்திரையில் டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபைன் என இரண்டு மருந்துகள் உண்டு. வெள்ளணுவுக்குள் நுழைந்த எச்.ஐ.வி., முதலில் தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஒரு டி.என்.ஏ. இழையை நூற்க வேண்டும். அதற்கு வேண்டிய துணுக்குகளைப் போலவே இந்த மருந்துகளும் வேஷம் கட்டி நிற்கும். வைரஸின் நொதி ஏமாந்து எடுத்துக் கோத்துவிடும். ஆனால் அடுத்த துணுக்கை ஒட்ட அதில் நுனி இருக்காது. மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இழை அங்கேயே நின்றுவிடும், தொற்று வேர்பிடிக்காது.

ஆனால் ஒன்று, வைரஸ் வருவதற்கு முன்பே மருந்து வெள்ளணுவுக்குள் காத்திருக்க வேண்டும். அதனால் விடாமல் விழுங்க வேண்டும். 2010-ல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் ஆண்களும் திருநங்கைகளுமாகச் சுமார் 2,500 பேர் கலந்துகொண்டார்கள். மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவில் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. ரத்தத்தில் மருந்து தென்பட்டவர்களை மட்டும் பார்த்தால், குறைவு 90 சதவீதத்துக்கும் மேல். வாங்கியவர்களில் பலர் விழுங்கவே இல்லை!

ஏன் என்பது நண்பர் ஆரம்பித்த பிறகு எனக்குப் புரிந்தது. ஒரே அறையில் நாலு பேர். டப்பாவை எடுத்தால் கலகலவென்று சத்தம். முதலில் பஞ்சு வைத்து அடைத்தார். அப்புறம் வைட்டமின் டப்பாவுக்கு மாற்றினார். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அசல் டப்பாவிலேயே இருக்க வேண்டிய மாத்திரை அது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மா கண்ணில் பட்டுவிடுமோ என்று அறையிலேயே வைத்துவிட்டுப் போனார். ஐந்து நாள் போச்சு.

அவர் பயத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சை மாத்திரையிலும் டெனோபோவிர் உண்டு. பெயரை கூகுளில் தட்டினால் போதும், கதை கட்டிவிடுவார்கள். கல்யாணமான இருபால் ஈர்ப்பாளர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தொடங்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் அவசியம். மேகநோயை இது தடுக்காது, ஆணுறை வேண்டும்.

2025 ஜூனில் அமெரிக்கா எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி தந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். நண்பரிடம் சொன்னேன். விலையைக்கூடக் கேட்கவில்லை.

"அப்ப டப்பாவே இருக்காதுங்களா?"