ஒத்திகைக்கு முன் கேட்க வேண்டியது: இந்தப் பிரதி யாருடையது?

பழைய நாடகம் ஒன்றைச் சோதனை முயற்சியாக மேடையேற்றப் போகிறோம் என்று வரும் குழுக்களிடம், கையிலிருப்பது யார் மொழிபெயர்ப்பு என்றுதான் முதலில் கேட்பேன். நார்வே நாடகாசிரியர் இப்சன் 1906லேயே மறைந்துவிட்டாரே என்பார்கள். அவருடைய மூலத்துக்குத் தடையில்லைதான். ஆனால் தமிழாக்கத்தின் உரிமை மொழிபெயர்ப்பாளருடையது. இந்தியச் சட்டப்படி அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். நாமே தமிழாக்கினாலும் ஆங்கிலம் வழியாகத்தான் பெரும்பாலும் செய்கிறோம்; அந்த ஆங்கிலப் பிரதிக்கும் இதே கணக்கு. இப்சனுக்கு வில்லியம் ஆர்ச்சர், பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸுக்கு ஜெப் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளிலிருந்து தொடங்கினால் சிக்கல் இல்லை.

ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட் 1989இல் மறைந்தவர். இங்கே 2049 முடியும்வரை அனுமதி வேண்டும். அவரோ மேடைக்குறிப்புகளையும் பிரதியின் பகுதியாகவே கருதியவர். 1984இல் அமெரிக்காவில் 'எண்ட்கேம்' நாடகத்தைப் பாழடைந்த சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதாக அமைத்தார் இயக்குநர் ஜோஆன் அகாலைடிஸ். பெக்கெட் எதிர்த்தார், அவருடைய மறுப்பை நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சிட்ட பிறகே நாடகம் நடந்தது. 1988இல் நெதர்லாந்தில் ஆண் பாத்திரங்களில் பெண்களே நடித்த 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய நாடகம் வழக்குவரை போனது. தீர்ப்பு குழுவுக்குச் சாதகம்தான். ஆனால் அந்நாட்டில் தன் நாடகங்கள் எதுவும் நடக்கக் கூடாதென்று பெக்கெட் தடை விதித்தார். என் மனம் அந்த நடிகைகள் பக்கம்தான். அதனால்தான் சொல்கிறேன்: பாத்திரத்தின் பாலினத்தை மாற்றுவது, காட்சியை வெட்டுவது, இசை சேர்ப்பது எல்லாவற்றையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிதானே என்று சிலர் கேட்பதுண்டு. தொழில்முறை அல்லாத அமெச்சூர் குழுக்கள் பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்காமல் நடிக்க 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அது நடிப்பதற்கு மட்டும். சுருக்குவதும் மாற்றியமைப்பதும் தனி உரிமை. யூடியூபில் ஏற்றுவதும் அந்த விலக்கில் வராது.

வெளிநாட்டுக்குப் போகும் எண்ணமிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். 1956இல் மறைந்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் உரிமை இந்தியாவில் 2016உடன் முடிந்துவிட்டது. ஜெர்மனியில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் 2026 முடியும்வரை உண்டு.

ஒத்திகையில் நடிகர்கள் உருவாக்கும் வசனத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பாதிப் பிரதியே அப்படித்தான் பிறக்கிறது. அது யாருக்குச் சொந்தம், பின்னாளில் புத்தகமானால் யார் பெயர் வரும் என்பதை முதல் வாரத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.