மஹிந்திரா தார், பொலிரோவில் ஏர் கம்ப்ரசர் பொருத்துமுன் டெல்டா வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

கொள்ளிடம் மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கும் டயரை 18-க்கு இறக்கினால் அது தரையில் நீளமாகப் படியும். சக்கரம் புதையாமல் மேலாகவே போகும். ஆபத்து கரையேறிய பிறகு வருகிறது. அதே 18-இல் தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் பக்கச்சுவர் சுற்றுக்குச் சுற்று மடங்கி நிமிர்ந்து சூடேறும், உள்ளே இருக்கும் நூலடுக்குகள் பிரியும். அன்றைக்கே வெடிக்கும் என்றில்லை. அடுத்த மாதம் பைபாஸில் குடும்பத்தோடு போகும்போதும் வெடிக்கலாம். "பஞ்சர் கடை வரைக்கும்தானே" என்று பத்து, பதினைந்து கிலோமீட்டர் அப்படியே ஓட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள்.

அதனால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வண்டியிலேயே இருப்பது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் பஞ்சர் கடை மோட்டாரும் ஓடாது; பிய்ந்த கூரைத் தகடுகளின் ஆணி ரோட்டில் கிடப்பதும் அதே நாள்களில்தான். ஆனால் தவறாகப் பொருத்திய கம்ப்ரசர் வண்டியையே எரித்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒயரைப் பற்றி இவ்வளவு இருப்பது அதனால்தான்.

முதலில் எந்த அளவு வாங்குவது என்று பார்ப்போம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்" என்பது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாத நிலையில் எடுத்த கணக்கு. டயருக்குள் 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது எவ்வளவு தள்ளுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். 245/75 ஆர்16 அளவு டயருக்குள் தோராயமாக 65 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 18-இலிருந்து 32-க்கு ஏற்ற ஒரு டயருக்கு 60 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான வெளிக்காற்று வேண்டும். நான்குக்கும் சேர்த்து 250 லிட்டர். 30 பிஎஸ்ஐ-யில் நிமிடத்துக்கு 50 லிட்டர் தரும் கம்ப்ரசர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்தால் பதினேழு நிமிடம் ஆகும். அதற்குள் அது கொதித்துவிடும். பாதியில் நின்றாலும் நிற்கும்.

வாங்கும்போது டியூட்டி சைக்கிளையும், அதாவது மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் ஓடலாம் என்பதையும், கேளுங்கள். 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆற விட வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் 22 டிகிரி போன்ற குளுமையான சூழலில் எடுத்தது. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் அந்த எண் அப்படியே நிற்காது. சூடானால் தானே அணையும் தெர்மல் கட்-ஆஃப் இல்லாத கம்ப்ரசரை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்க வேண்டாம்.

பொருத்தும் இடத்தில் டெல்டாவுக்கென்று தனிக் கவனம் வேண்டும். வறண்ட ஊர்களில் சேசிஸுக்கு அடியில் மாட்டி நன்றாகவே ஓட்டுகிறார்கள். இங்கே தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீர், வயல் களி, நாகை முதல் கோடியக்கரை வரை உப்புக் காற்று மூன்றும் சேர்ந்து அடியில் இருப்பதைத் தின்னும். தண்ணீர் புகாத உறை என்று எழுதியிருந்தாலும் காற்று இழுக்கும் வாய் திறந்துதான் இருக்கும். ஓடிச் சூடான கம்ப்ரசர் சட்டென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்த வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை சுவிட்ச் போடும்போது பிஸ்டன் இறுகியிருக்கும். எங்கள் பட்டறையின் சிபாரிசு இரண்டு இடங்கள்: பானெட்டுக்குள் டர்போ, எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பேட்டரிக்கு அருகே உயரமாக, அல்லது சீட்டுக்கு அடியில், காற்றோட்டம் விட்டு. பிராக்கெட் 3 மி.மீ. இரும்புத் தகடாவது இருக்கட்டும், ரப்பர் புஷ்ஷும் லாக் நட்டும் போடுங்கள். இன்னர் ஃபெண்டரின் மெல்லிய தகட்டில் நேராக முடுக்கினால் அதிர்விலேயே தகடு கிழியும். காற்று இழுக்கும் வாயில் இருக்கும் ஃபில்டரைத் தனி ஓஸ் போட்டு முடிந்தவரை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

இனி ஒயர். நடுத்தர ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும். இரட்டை மோட்டார் 50-ஐத் தாண்டும். இதற்கு வீட்டு வேலையில் மிச்சமான 2.5 சதுர மி.மீ. ஒயரைப் போடுவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. போக வர 8 மீட்டர் ஓடும் அந்த ஒயரில் 30 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். மோட்டார் திணறும், ஒயர் இளகும். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு, உறைக்குள் பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும்.

வேலை தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் ஒயரில் ஃபியூஸ் ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். கம்ப்ரசர் பக்கத்தில் வைக்கும் ஃபியூஸ் பயனில்லை. நடுவில் எங்காவது ஒயர் உரசி பாடியைத் தொட்டால், பேட்டரி முதல் உரசிய இடம் வரை தடுக்க எதுவும் இல்லை, தீ அங்கேதான் பிடிக்கும். 30 ஆம்பியர் மோட்டாருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது எரிந்தால் ஏன் எரிந்தது என்று தேடுங்கள். 60 போட்டு ஓட்டாதீர்கள். ரிலே என்பது சின்ன சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி; அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30-ஆம் கால் ஃபியூஸிலிருந்து, 87 கம்ப்ரசருக்கு, 86 டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக இக்னிஷனுக்கு, 85 எர்த்துக்கு. ரிலே 70 ஆம்பியராவது இருக்கட்டும். மலிவான ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்தபிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி நெகட்டிவில் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் எர்த்தைப் பேட்டரி முனையில் கட்டக் கூடாது; பெயின்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டில் கட்டுங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்கை கிரிம்ப் கருவியால் அழுத்தி, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஸ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு ஐப்பசி மழையைத் தாங்காது.

காற்று வழியில் இரண்டு சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்ப்ரசரை விட்டு வெளிவரும் காற்று கொதிக்கும். அந்த வாயில் நேரடியாக நீல பியூ (பாலியூரித்தேன்) பிளாஸ்டிக் டியூபைச் சொருகினால் இளகிக் கழன்றுவிடும். முதல் ஒன்றரை அடிக்குக் கம்பிப் பின்னல் போட்ட ஓஸ் வேண்டும். அடுத்தது மரை. வெளிநாட்டுக் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் என்பிடி என்ற அமெரிக்க அளவு மரை வரும், நம் கடைகளில் கிடைக்கும் ஃபிட்டிங் பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு. கால் அங்குலத்தில் முதலாவது அங்குலத்துக்கு 18 மரை, மற்றது 19. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், சரியாகிவிட்டது என்று தோன்றும். காற்று கசிந்துகொண்டே இருக்கும், பலமாக முடுக்கினால் அலுமினியத் தலை விரியும். மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையில் சுற்றி, முதல் மரையை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் துணுக்கு வால்வுக்குள் போய் மாட்டும். கடைசியில் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

டயருக்குக் காற்றடிக்க டேங்க் தேவையில்லை. இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர் உள்ள வண்டிக்குச் சின்னதாக ஒன்று போடலாம், சேஃப்டி வால்வோடு. ஏர் ஹார்னுக்காக டேங்க் கேட்பவர்களுக்கு: காதைக் கிழிக்கும் ஒலியும் பல ராக ஹார்னும் மத்திய மோட்டார் வாகன விதி 119-இன்படி தடை செய்யப்பட்டவை, பொருத்தித் தர மாட்டோம். டேங்க் இருந்தால் அடியிலுள்ள டிரெயினைக் கம்ப்ரசரை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் திறந்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் நிச்சயம் தேங்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கம்ப்ரசரை ஓட்டும்போது எஞ்சின் ஓடட்டும், நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம் அளவுக்கு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் இந்தச் சுமையை முழுதாகத் தாங்காது. ஷெட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. தண்ணீரைக் கடக்கப் போகிறீர்கள் என்றால் கம்ப்ரசர் ஆறும்வரை நில்லுங்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், ஈரமாகவோ களி படிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பேட்டரி முனையிலும் எர்த் போல்ட்டிலும் வாஸ்லைன் தடவுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை கம்ப்ரசரைப் போடாதீர்கள்.